தண்ணீரில் எடுத்த அளவு

குரு என்றதும் கேட்கிறவர்கள் தாடியைத் தேடுவார்கள். இந்தக் குருவுக்குத் தாடி கிடையாது. பெயர் இன்னாசியம்மாள், வயது நாற்பத்தொன்று. சேலைக்கு மேல் கிரீஸ் படிந்த ஒரு முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கிற தளத்தில் நிற்கிற பெண்பிள்ளை. விசைப்படகின் எஞ்சினிலிருந்து பின்பக்கம் வரை ஓடுகிற ஷாஃப்டும், அதன் முனையில் தண்ணீருக்குள் சுற்றுகிற புரொப்பெல்லரும் அவள் பாடு. தென்கரையில் எந்தத் துறையில் எந்தப் படகு சண்டித்தனம் பண்ணினாலும் கடைசியில் அவள் பெயரைத்தான் சொல்வார்கள்.

யாரிடம் படித்தாய் என்று கேட்டால், "கெட்டுப்போன படகுங்ககிட்ட" என்பாள்.

சீடர் அவளைவிடப் பதினாறு வயது மூத்தவர். பெயர் தொபியாஸ். இருபத்தாறு வருஷம் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் இருந்து, ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவர். வந்த மனுஷன் வீட்டில் சும்மா இருக்கலாம் அல்லவா. டீக்கடையில் உட்கார்ந்து ஒரு படகுக்காரருக்கு யோசனை சொன்னார். படகு மெதுவாகப் போகிறதா, முறுக்கம் கூடின புரொப்பெல்லரைப் போடு, ஒரு சுற்றுக்கு அதிக தூரம் தள்ளும் என்றார். கப்பல்காரர் சொல்கிறாரே என்று அந்த ஆளும் போட்டார். வலையை இறக்கி இழுத்ததும் எஞ்சின் மூச்சு முட்டிக் கரும்புகை கக்கியது. துறையே சிரித்தது.

இன்னாசியம்மாள் வந்து, படகு வலை இழுப்பதை அரை மணி நேரம் பார்த்தாள். முறுக்கம் குறைந்த வேறொன்றை மாட்டினாள். படகு ஒழுங்காக இழுத்தது.

தொபியாஸ் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அவளிடம் போனார். "எந்தக் கணக்குல மேஸ்திரி இதை மாத்துனிய?"

அவள் கணக்கு எதுவும் சொல்லவில்லை. "அண்ணே, இந்தத் துறைப் பாலத்துக் கடைசி வரைக்கும் எட்டி எட்டி நடந்துட்டு வாங்க" என்றாள்.

நடந்துவிட்டு வந்தார். ஒரு பெட்டி நிறைய மீனைக் கயிற்றில் கட்டி, கயிற்றை அவர் கையில் கொடுத்தாள். "இப்ப இதை இழுத்துக்கிட்டு அதே மாதிரி எட்டி நடங்க."

நாலாவது எட்டில் தொபியாஸுக்கு மூச்சு வாங்கியது. எட்டு தானாகக் குறுகியது. சின்னச் சின்ன எட்டாக வைத்துத்தான் கடைசி வரை போக முடிந்தது. பார்த்துக்கொண்டிருந்த மீன்காரப் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தார்கள்.

"வலை இழுக்கிற படகுக்கு உங்க எட்டு நீளம்ணே" என்றாள் இன்னாசியம்மாள்.

மறுநாள் காலையில் அவர் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு தளத்துக்கு வந்து நின்றார். எனக்குச் சொல்லித் தாருங்கள் என்றார். அவள் கூசிப் போனாள். "நீங்கதான் எனக்குச் சொல்லித் தரணும்" என்றாள். அவர் போகவில்லை. இப்படித்தான் அவர் சீடர் ஆனார். சான்றிதழ் வைத்திருக்கிற கப்பல்காரர் இன்னாசியிடம் பாடம் படிக்கிறார் என்று அடுத்த துறை வரைக்கும் பேச்சாகிவிட்டது.

எட்டு மாதம் போயிற்று. கை நேர்த்தியுள்ள மனுஷர், வேலையை அள்ளிக்கொண்டார். மழைக்கு முன்னால் ‘விடிவெள்ளி’ என்று ஒரு மரப்படகு தளத்துக்கு ஏறியபோது, "இதை முழுசா நீங்களே பாருங்கண்ணே" என்று அவள் ஒப்படைத்தாள்.

விடிவெள்ளிக்குப் புது ஷாஃப்ட். ஷாஃப்ட் மாட்டுவதில் உயிர்நிலை ஒன்று உண்டு. எஞ்சின் பக்கத்து வட்டத் தட்டும் ஷாஃப்ட் பக்கத்து வட்டத் தட்டும் முகத்தோடு முகம் பொருந்த வேண்டும். அதற்குக் கப்ளிங் என்று பேர். எட்டு போல்ட்டையும் கழற்றிவிட்டு, இரண்டு தட்டுக்கும் நடுவில் மெல்லிய இரும்புத் தகடுகளை விட்டு, மேலே, கீழே, வலம், இடம் என்று நாலு இடத்தில் இடைவெளியை அளப்பார்கள். மில்லிமீட்டரை நூறாக வகுத்து அதில் எத்தனை என்று பார்க்கிற அளவு. நாலும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் ஷாஃப்ட் அலுங்காமல் சுற்றும். இல்லாவிட்டால் உதறும். உதறினால் ஷாஃப்ட் வெளியே போகிற குழாயில் தேய்மானம் விழும், அந்த வழியாகக் கடல் உள்ளே வரும்.

தொபியாஸ் மூன்று நாள் உட்கார்ந்து பொருத்தினார். நாலு, நாலு, ஐந்து, நாலு. அவரே அவர் தோளைத் தட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

இன்னாசியம்மாள் நோட்டைப் பார்த்துத் தலையாட்டினாள். "நல்லா இருக்குண்ணே. ஆனா இது தரையில எடுத்த அளவு. இப்பப் படகு கட்டை மேல உக்காந்திருக்கு. தண்ணியில விட்டா அது பாட்டுக்கு உக்காரும். இறக்கி ரெண்டு நாள் கிடக்கட்டும். ஐஸும் டீசலும் வலையும் ஏறட்டும். பிறகு போல்ட்டைக் கழத்தி மறுபடி அளங்க. ஷாஃப்டைப் பாதி பாதியாச் சுத்தி அளக்கணும், கூட ஒரு ஆளை வச்சுக்கிடுங்க."

"சரி மேஸ்திரி" என்றார்.

படகு இறங்கியது. மூன்றாம் நாள் காலையில் ஐஸ் ஏறிக்கொண்டிருந்தது. தொபியாஸ் எஞ்சின் அடித்தட்டுக்குள் இறங்கினார். கப்பலில் எஞ்சின் அறை என்றால் ஆள் நின்று நடக்கலாம், கல்யாணமே நடத்தலாம். இங்கே கப்ளிங் இருந்த இடத்துக்கு வயிற்றால் ஊர்ந்து போக வேண்டும். வயிறோ ஓய்வூதிய வயிறு. முழங்காலை மடக்கினால் வலி உயிர் போனது. ஒருமுறை முயன்றார். தோள் நுழைந்தது, வயிறு நுழையவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே மாட்டிக்கொண்டு கிடந்து, எப்படியோ பின்னால் வந்து உட்கார்ந்தார்.

மேலேயிருந்து படகு ஓட்டுகிற டிரைவர் கித்தேரியான் எட்டிப் பார்த்தான். முப்பத்தைந்து வயது, மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், அதிர்ந்து பேசத் தெரியாதவன். "சார், ஷாஃப்டைச் சுத்த ஆள் வேணுமா? நான் இறங்கவா?"

உள்ளே நுழையவே முடியவில்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வது? தொபியாஸுக்குக் காது மடல் சூடாகியது.

"வேண்டாம்ப்பா. நீ ஐஸைப் பாரு" என்றார்.

பத்து நிமிஷம் எஞ்சின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் பாடுபட்டு வைத்த அளவு இரண்டு நாளில் எங்கே ஓடிவிடப் போகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பிறகு நோட்டைத் திறந்து, ‘தண்ணீரில்’ என்று எழுதி, அதன் கீழே நாலு, நாலு, ஐந்து, நாலு என்று எழுதினார். கையில் கொஞ்சம் கிரீஸையும் எடுத்துப் பூசிக்கொண்டு மேலே ஏறினார். அந்தக் கிரீஸை நினைத்தால்தான் பின்னாளில் அவருக்கு உடம்பெல்லாம் கூசும்.

தளத்தில் இன்னாசியம்மாள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தண்ணியில அளந்து பாத்தியளா அண்ணே?"

"பாத்தாச்சு."

"ஐஸ் ஏத்தின பிறகா?"

"ஆமா."

"சரி" என்று நோட்டை மூடினாள்.

விடிவெள்ளி ஏழு பேரோடு கடலுக்குப் போனது. நாலாம் நாள் இன்னொரு படகு அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. பின்பக்கக் குழாய் தேய்ந்து, எஞ்சின் அடித்தட்டில் இடுப்பளவு தண்ணீர். ஆறு மணி நேரம் ஏழு பேரும் வாளியால் இறைத்திருக்கிறார்கள். உயிரோடு வந்ததே பெரிது. ஒருத்தனுக்குக் கையில் தோல் உரிந்து தொங்கியது.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஷாஃப்ட் கெட்டுப் படகு வந்தால் ஏலக்கூடத்தில், எல்லோரும் இருக்கும்போது, ‘கை தப்பா, வேலை தப்பா’ என்று கேட்பார்கள். ஓட்டினவன் கை தப்பு என்றால், முதலாளி அவனிடமிருந்து படகுச் சாவியை அங்கேயே வாங்கிவிடுவார். வாங்கிவிட்டால் அந்த வருஷம் முழுக்க வேறு எந்தப் படகிலும் அவனைச் சுக்கான் பிடிக்க விடமாட்டார்கள். பொருத்திய வேலை தப்பு என்றால் தளத்துக்காரர் தலை குனிய வேண்டும். இரண்டில் எது என்று சொல்ல வேண்டியது மேஸ்திரி.

கித்தேரியான் ஈரச் சட்டையோடு நின்றான். "முதல் நாளே உதறல் இருந்துச்சு முதலாளி. புது ஷாஃப்ட், போகப் போகச் சரியாயிரும்னு நினைச்சேன்" என்றான்.

"புது ஷாஃப்ட் எதுக்குடா உதறுது? வேகத்துல போய்க்கிட்டிருக்கும்போதே ரிவர்ஸ் போட்டிருப்ப" என்றார் படகு முதலாளி சந்தியாகு. அவருக்கும் வயிற்றெரிச்சல். இன்னாசியம்மாளைப் பார்த்தார். "சொல்லுங்க மேஸ்திரியம்மா. கை தப்பா, வேலை தப்பா?"

இன்னாசியம்மாள் தொபியாஸ் பக்கம் திரும்பினாள்.

"தண்ணியில பாத்தியள்ல அண்ணே?"

இருநூறு பேர் இருந்தார்கள். மீன் வாங்க வந்த வெளியூர் வியாபாரிகள்கூட விலை பேசுவதை நிறுத்திவிட்டார்கள். கித்தேரியான் தொபியாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். தொபியாஸுக்கு உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. வயிறு நுழையவில்லை என்று இத்தனை பேர் முன்னால் சொல்வதா? மீன்பெட்டியை இழுத்தபோது சிரித்த பெண்கள் அதோ நிற்கிறார்களே.

"பாத்தேன்" என்றார்.

"அண்ணன் பாத்தேங்காரு" என்றாள் இன்னாசியம்மாள். வேலை சரி என்றால் கை தப்பு என்று ஆகிவிட்டது.

சந்தியாகு கையை நீட்டினார். கித்தேரியான் இடுப்பு நூலில் கட்டியிருந்த சாவியை அவிழ்க்கப் பார்த்தான். முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்துக் கொடுத்தான்.

பிறகு நடந்ததுதான் தொபியாஸுக்குக் கொடுமை. சாவி போன ஆளுக்குக் கடலில் வேலையில்லை, பிள்ளைகளுக்கோ பசி உண்டு. கித்தேரியான் கூலிக்குத் தளத்துக்கே வந்துவிட்டான். விடிவெள்ளி மறுபடி தரையேறி நின்றது. அதன் அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த பாசியையும் சிப்பியையும் சுரண்டுகிற வேலை அவனுக்கு. அதே படகில் குழாய் மாற்றுகிற வேலை தொபியாஸுக்கு. இரண்டு பேருக்கும் நடுவில், இரண்டு கையையும் விரித்தால் வருகிற ஒரு பாகம் தூரம்தான்.

அவன் முறைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏசியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். பாவி மனுஷன் தினமும் பதினோரு மணிக்கு டீ வாங்கி வந்து, "சார், குடிங்க" என்று நீட்டினான். தொபியாஸ் வாங்கிக் குடித்தார். குடிக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பானே.

பத்தாம் நாள் டீயைக் கொடுத்துவிட்டு அவன் போகவில்லை. சுரண்டுகிற தகட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றான்.

"சார், ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"ரெண்டாம் நாள் வலையை எடுக்கையில ஒரு தடவை ரிவர்ஸ் போட்டேன். மெதுவாத்தான் போட்டேன்னு நினைச்சிருந்தேன். இப்ப யோசிக்க யோசிக்க, வேகமாப் போட்டுட்டேனோன்னு இருக்கு. போட்டிருப்பேன் சார். நீங்க தண்ணியில வச்சுப் பாத்திருக்கிய, அப்ப வேற என்ன இருக்க முடியும்?"

தொபியாஸ் டீயை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்தார்.

"வீட்டுல கேட்டா, நான் தப்புப் பண்ணலைன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். நேத்து அவகிட்ட, என் கைதான் தப்புன்னு சொல்லிட்டேன். உங்ககிட்டயும் சொல்லணும்னு தோணிச்சு. மூணு நாள் கஷ்டப்பட்டுப் பாத்த வேலையைக் கெடுத்துட்டேன் சார். மனசுல வச்சுக்கிடாதிய."

சொல்லிவிட்டு அவன் படகின் அடியில் போய் உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தான்.

தொபியாஸ் டம்ளரைக் கீழே வைத்தார். இவனுடைய சாவியைப் பறித்ததோடு நாம் நிற்கவில்லை. தன் கையைத் தானே நம்பாதபடி இவனை ஆக்கிவிட்டோமே என்று நினைத்தபோது, அந்த நிமிஷமே மண்ணுக்குள் போய்விடலாம் போல அவருக்கு வெட்கம் வந்தது.

கொட்டகையில் இன்னாசியம்மாள் ஒரு புரொப்பெல்லர் இறக்கையின் ஓரத்தை அரத்தால் ராவிக்கொண்டிருந்தாள். தொபியாஸ் அவள் எதிரில் போய் நின்றார். உட்காரவில்லை.

"மேஸ்திரி, நான் தண்ணியில அளக்கலை."

அரம் நிற்கவில்லை. "தெரியும்ணே."

"தெரியுமா?"

"ம்."

"எப்ப தெரியும்?"

"நோட்டை நீங்க கொண்டுவந்து தந்த அன்னைக்கே. தரையில தந்த அளவை எந்த மரப்படகும் தண்ணியில தந்து நான் பாத்ததில்லை. நாலும் அப்படியே இருந்துச்சு."

தொபியாஸுக்குக் கோபம் வந்தது. வெட்கப்படுகிறவனுக்கு முதலில் அதுதானே வரும். "தெரிஞ்சுமா படகைக் கடலுக்கு விட்டிய? தெரிஞ்சுமா ஏலக்கூடத்துல வாயை மூடிக்கிட்டு நின்னிய?"

இப்போது அரம் நின்றது. இன்னாசியம்மாள் இறக்கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஒரு தடவை கேட்டேன். பாத்தாச்சுன்னிய. இன்னொரு தடவை கேட்டிருக்கணும். இல்லைன்னா நானே இறங்கி அளந்திருக்கணும். நீங்க என்னைவிட மூத்தவரு, இருபத்தாறு வருஷம் கப்பல்ல இருந்தவரு. அப்படிப்பட்டவரு என்கிட்டப் பாடம் படிக்காருன்னு துறையெல்லாம் பேசுச்சு. அந்தப் பேச்சு எனக்கு இனிச்சுதுண்ணே. ரெண்டாந் தடவை கேட்டா நீங்க ரோசப்பட்டுப் போயிருவியளோன்னு பயந்தேன். நீங்க இங்க இருக்கணும்கிறதுக்காக ஏழு பேரைக் கடலுக்கு அனுப்பிட்டேன்."

தொபியாஸுக்கு வந்த கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது.

"ஏலக்கூடத்துல கேட்டது, நீங்க சொல்லிருவியன்னு. நீங்க சொல்லலை. அப்பவாவது நான் நோட்டை விரிச்சிருக்கலாம். வேலை தப்புன்னா என் தளத்துக்குத் தலைகுனிவு. அண்ணன் பாத்தேங்காருன்னு சொல்லிட்டு நழுவிட்டேன். அன்னையிலிருந்து தினமும் காலையில அங்க போகணும்னு செருப்பை மாட்டுவேன். பிறகு கழத்திப் போட்டுட்டு வேலையைப் பாப்பேன். பத்து நாளா இதுதான்."

வெளியே சிப்பி சுரண்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"கித்தேரியான் தன் கைதான் தப்புன்னு நம்ப ஆரம்பிச்சுட்டான் மேஸ்திரி" என்றார் தொபியாஸ். "இப்பதான் என்கிட்ட வந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போறான்."

இன்னாசியம்மாள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் என்ன செய்யட்டும்? சொல்லுங்க மேஸ்திரி. என்ன செய்யணும் நான்?"

அவள் எழுந்து மண்ணெண்ணெயில் கையைத் துடைத்தாள். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள். கிரீஸ் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அலமாரியிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். படகைத் தாண்டும்போது, "கித்தேரி, என் கூட வா" என்று மட்டும் சொன்னாள்.

தொபியாஸ் பின்னால் போனார். எங்கே போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. ஒவ்வோர் அடிக்கும் திரும்பிவிடலாமா என்று இருந்தது. வீட்டுக்குப் போகிற சந்து வந்தபோது அவர் கால் தயங்கி நின்றது. முன்னால் போகிற அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் வருகிறாரா இல்லையா என்று அவள் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. அதனால்தானோ என்னவோ அந்தச் சந்து முனையைத் தாண்டி நடந்தார்.

ஏலக்கூடத்தில் கூட்டம் நெரிந்தது. சந்தியாகு ஒரு தூணருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இன்னாசியம்மாள் அவர் முன்னால் போய் நின்றாள். கூவிக்கொண்டிருந்த ஏலக்காரன் அவள் நின்ற நிற்பைப் பார்த்துத் தானாக நிறுத்தினான்.

"அன்னைக்கு விடிவெள்ளிக்குக் கை தப்பா, வேலை தப்பான்னு கேட்டிய முதலாளி. நான் பதில் சொல்லலை. வேலைதான் தப்பு. தண்ணியில விட்ட பிறகு கப்ளிங் அளவு எடுக்கலை. எடுக்கலைங்கிறது படகு கடலுக்குப் போறதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும். தெரிஞ்சே விட்டேன். தெரிஞ்சே இங்க வாயை மூடிக்கிட்டு நின்னேன்."

நோட்டை அவர் மடியில் வைத்தாள். தலை குனிந்து நின்றாள்.

சந்தியாகு நோட்டைத் திறக்கவில்லை. "ஏழு பேரு அதுல இருந்தானுவ மேஸ்திரியம்மா" என்றார்.

"ஆமா முதலாளி."

"ஆறு மணி நேரம் தண்ணி இறைச்சிருக்கானுவ."

"ஆமா."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. விடிவெள்ளிக்காரன் ஒருத்தன் தோல் உரிந்த கையைத் தூக்கிக் காட்டினான். பின்னாலிருந்து ஒரு குரல், "பொம்பளைகிட்ட எஞ்சின் வேலையைக் குடுத்தா இப்படித்தான்" என்றது. நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். ‘இனி யாரும் அந்தத் தளத்துக்குப் படகை ஏத்தாதிய’ என்றான் இன்னொருத்தன். இன்னாசியம்மாள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. வந்தது அத்தனையையும் வாங்கிக்கொண்டு நின்றாள்.

தொபியாஸ் காத்திருந்தார். இப்போது சொல்வாள், இந்த மனுஷன்தான் அளக்காதவன் என்று கையைக் காட்டுவாள், நாம் தலையைக் குனிந்துகொள்ளலாம் என்று காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. கூட்டத்தில் ஒருத்தர்கூட அவரைப் பார்க்கவில்லை. விஷயம் முடிந்துவிட்டது. அவர் பேசாமல் வீட்டுக்குப் போனாலும் கேட்க ஆளில்லை. அப்படி ஒரு வாசல் திறந்து கிடக்கிறது என்று தெரிந்ததும், அதன் வழியாகப் போய்விட ஒரு கணம் ஆசைப்பட்டாரே, அதைவிடக் கேவலமாக அவர் தன்னை என்றைக்கும் உணர்ந்ததில்லை.

"நான்தான் அளக்கலை" என்றார்.

பக்கத்தில் நின்றவருக்குக்கூடக் கேட்கவில்லை. ஓர் அடி முன்னால் வந்து மறுபடி சொன்னார்.

"மேஸ்திரி அளக்கச் சொன்னாங்க. நான்தான் அளக்கலை. கப்ளிங்கிட்டப் போக என் வயிறு நுழையலை. கித்தேரி உதவிக்கு வரேன்னு கேட்டான். எனக்குச் சொல்ல வெட்கமா இருந்துச்சு. வேண்டாம்னுட்டேன். பழைய அளவையே நோட்டுல எழுதிட்டு, வேலை பாத்த மாதிரி கையில கிரீஸ் பூசிட்டு வந்தேன். இங்க வந்து பாத்தேன்னு பொய் சொன்னேன்."

யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பார்.

கித்தேரியான் கையில் சுரண்டும் தகடு அப்படியே இருந்தது. வைத்துவிட்டு வரக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு.

"அப்ப நான் வேகமாப் போடலை" என்றான். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தான் சொல்லிக்கொண்டான்.

சந்தியாகு எழுந்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். அவருக்கும் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கித்தேரியான் சாவியை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பிறகு தொபியாஸ் அருகில் வந்தான். அடிப்பான் என்று சிலர் நினைத்தார்கள்.

"சார்" என்றான் மெதுவாக. "பத்து நாளா நான் உங்க பக்கத்துலதான இருந்தேன்."

அவன் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு, பிள்ளைகள் இருக்கிற வீட்டுப் பக்கம் நடந்து போனான்.

குருவும் சீடரும் தளத்துக்குத் திரும்பி நடந்தார்கள். நல்ல வெயில். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், வணக்கம் சொல்லவில்லை. இன்னாசியம்மாள் முன்னாலும் தொபியாஸ் நாலடி பின்னாலுமாகப் போனார்கள். பாலம் தாண்டியதும் தொபியாஸ் எட்டி நடந்து அவளோடு சேர்ந்துகொண்டார்.

"மேஸ்திரி."

"சொல்லுங்கண்ணே."

"அங்க நீங்க என் பேரையே எடுக்கலையே."

"இல்ல."

"நான் பேசாமலே நின்னிருந்தா? எல்லாப் பழியும் உங்க தலையிலல்ல விழுந்திருக்கும்?"

அவள் நடையை நிறுத்தவில்லை.

"என் பொய்யைச் சொல்லத்தான் நான் போனேன்ணே. உங்க பொய்யைச் சொல்ல எனக்கு ஏது வாய்?"